நான் இந்தக் குடும்பத்தில் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன்

லண்டனில் எங்கள் வீட்டுக்கு வரும் அரசாங்கக் கடிதமெல்லாம் என் மனைவி ராஜாத்தி பேருக்குத்தான் வருகிறது. பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்த பிறகு அவளுக்கென்று ஒரு உதவித்தொகை தருகிறார்கள். அதற்காக விசாரிக்க வந்த வெள்ளைக்காரப் பெண்மணியிடம், பணமெல்லாம் வேண்டாம், நான் இருக்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு, திருச்சி பாலக்கரையில் புரோட்டாக் கல் முன்னால் வெந்து, கடல் கடந்து போய் இரண்டு ஓட்டல் வைத்தவன் நான். சொல்லாமல் இருப்பேனா? அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, உங்களைப் பற்றி நான் கேட்கவில்லையே, உங்கள் மனைவிக்கு என்ன வேண்டும் என்றுதானே கேட்டேன் என்றாள். அவள் கேட்டதன் அர்த்தம் எனக்குப் போன வருஷம் ஸ்ரீரங்கத்தில்தான் விளங்கியது.

அங்கே என் தங்கை வசந்தா இருக்கிறாள். வீட்டுக்காரர் தவறிவிட்டார். மகள் கலாவுக்கு முப்பத்து மூன்று வயது, தசைச்சிதைவு நோய். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு அவளைத் தூக்கித் தூக்கி வசந்தாவுக்கு முதுகு போய்விட்டது. அரசாங்கம் மாதாமாதம் தரும் பராமரிப்பு உதவித்தொகைக்குக் கலா மனுப் போட்டிருந்தாள். அது வந்தால் எதிர்வீட்டு மேரியைக் காலையும் மாலையும் தூக்கிவிட வைத்துக்கொள்ளலாம் என்பது அவள் திட்டம். இதெல்லாம் எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை.

நான் போய் இறங்கிய இரண்டாம் நாள் கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வந்தார். வீட்டுக்கு ஒருவர் வந்தால் இல்லாததையும் இருப்பதாகக் காட்டுவது நம் வழக்கம். இத்தனை வருஷம் லண்டனில் இருந்தும் அது என்னை விடவில்லை. காபி, முறுக்கு, லண்டன் சாக்லேட் எல்லாம் வைத்தேன். வசந்தா பேச வாயெடுக்கும்போதெல்லாம் நான் முந்திக்கொண்டேன். ஃபிரிட்ஜ் நான் வாங்கியது, ஏ.சி. நான் போட்டது, மாதாமாதம் பணம் அனுப்புகிறேன் என்று அடுக்கினேன். "என் மருமகளுக்கு என்னங்க குறை? ராணி மாதிரி வச்சிருக்கேன்." அவர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். என்னைப் பற்றி நல்லபடியாக எழுதுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. வெளிநாட்டு உறவினரின் பராமரிப்பில் இருப்பதால் மனு ஏற்கப்படவில்லை. மறுநாள் காலை மகளை நாற்காலியில் தூக்கி வைத்த வசந்தா, நிமிர முடியாமல் கட்டிலைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அப்படியே குனிந்து நின்றாள். அந்தப் பணத்தை நானே இரண்டு மடங்காகத் தருகிறேன் என்று அவசரமாகச் சொன்னேன்.

கலாதான் பதில் சொன்னாள். "மாமா, மேரியக்கா சம்பளத்துக்கு நான் மாசாமாசம் உங்களுக்கு வாட்ஸாப் போடணும். நீங்க பதில் போட நாலு நாளாகும். உங்க போட்டோ மட்டும் நாலு நிமிஷத்துக்கு ஒண்ணு வருது." எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. "நீங்க குடுக்கிறது உங்க காசு மாமா. கவர்மெண்ட் குடுக்கிறது என் பேருக்கு வர்றது. அதுக்கு நான் யாரையும் கேக்க வேணாம்."

மறுநாளே தாலுகா ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த எழுத்தர் நிதானமாக விளக்கினார். "நீங்க ரேஷன் கார்டுல இல்ல. இந்தக் குடும்பத்துல சேர்ந்தவர் இல்ல, இவங்களைப் பராமரிக்கிற பொறுப்பு உங்களுக்கு இல்லன்னு எழுதிக் குடுங்க சார். மறுவிசாரணைக்குப் போடலாம்." அந்த வீடே என் தோளில் நிற்கிறது என்று லண்டன் முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான். எத்தனையோ அதிகாரிகளைப் பார்த்தவனுக்கு ஒரு வெள்ளைத்தாள் முன்னால் வேர்த்தது.

மறுவிசாரணையில் வசந்தாவும் கலாவும்தான் பேசினார்கள். இப்போது பணம் கலாவின் கணக்கில் விழுகிறது. மேரி வருகிறாள். வாங்கிக் கொடுத்தது நான் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். கெடுத்ததும் நீங்கதான் என்று கலா கூடவே சேர்க்கிறாள். வெளிநாட்டில் இருக்கும் என் போன்றவர்களுக்கு ஒன்று சொல்வேன். விசாரணைக்கு ஆள் வந்தால் காபியை மட்டும் கொடுங்கள்.

அன்று தாலுகா ஆபீசில் அந்தத் தாளை வேறு யாரையும் எழுதவிடவில்லை. மூன்றாம் வகுப்புப் படிப்புதான், ஆனால் என் எழுத்து முத்து முத்தாக இருக்கும். நான் இக்குடும்பத்தைச் சேர்ந்தவன் அல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுத்தர் கீழே முகவரி கேட்டார். லண்டன் முகவரியை எழுதினேன். அதற்குக் கீழே, பிறந்த ஊர் திருச்சி பாலக்கரை என்றும் சேர்த்தேன்.

"இது தேவையில்லையே சார்" என்றார்.

"இருக்கட்டும் தம்பி" என்று தாளை நீட்டினேன்.