துப்பாக்கிச் சந்தையில் எங்கள் வீட்டு பீரோ

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னிக்கவும். மணி பன்னிரண்டே முக்கால். மகிழைத் தூங்க வைத்து, நாளைக்கு அவள் டப்பாவுக்கு வேண்டியதை நறுக்கி வைத்துவிட்டு இப்போதுதான் உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமைதோறும் பதிவு போடுகிறவள் இந்த வாரம் செவ்வாய்க்கிழமையே போடுகிறேன் என்றால், வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க முடியாது என்பதால்தான். காரணம் கடைசியில் வரும். அவசரக்காரர்கள் நேரே அங்கே போய்விடலாம், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

போன சனிக்கிழமை லித்கோவைத் தாண்டி ஒரு சின்ன ஊருக்குப் போயிருந்தோம். நான், என் கணவர் பிரபு, நான்கு வயது மகள் மகிழ். அங்கே வருடத்துக்கு ஒரு முறை துப்பாக்கிக் கண்காட்சி நடக்கிறது. விற்பார்கள், வாங்குவார்கள், சேகரிப்பவர்கள் வந்து பரப்பி வைத்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். பிரபு ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை ஆபீஸ் நண்பர்களோடு ரேஞ்சுக்குப் போய்ச் சுடுவது எனக்குத் தெரியும். கிளப் துப்பாக்கி, கிளப் இடம், சுட்டுவிட்டு வந்துவிடுவார். பௌலிங் போவது மாதிரி என்று நினைத்திருந்தேன்.

"சும்மா பார்க்கத்தான் சுதா. வழியெல்லாம் மலை. உனக்கும் பிளாக்ல போட ஒண்ணு கிடைக்கும்" என்றார். எனக்கு அந்தக் கடைசி வாக்கியம் போதுமாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஸ்ட்ராத்ஃபீல்டில் வீட்டை விட்டுக் கிளம்பியது காலை 6.10. சுங்கம் கட்ட விருப்பமில்லாதவர்கள் பரமட்டா ரோட்டிலேயே பரமட்டா வரை போய் அங்கே எம் ஃபோர் நெடுஞ்சாலையில் ஏறிக்கொள்ளலாம், சனிக்கிழமை காலையில் பத்து நிமிடம்தான் கூடுதல். கட்டூம்பாவில் 7.50க்கு நிறுத்தினோம். நவம்பர் கடைசி, இங்கே கோடை தொடங்கும் நேரம் என்றாலும் மேலே குளிர் இருந்தது, குழந்தைக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். பேக்கரியில் இரண்டு காபி, ஒரு சீஸ் ரோல், 16 டாலர். அதன் பிறகு மலை இறக்கத்தில் வளைவுகள் அதிகம். மகிழ் ஒரு முறை வாந்தி எடுத்தாள். பிளாஸ்டிக் பை கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். 9.35க்குப் போய்ச் சேர்ந்தோம். மொத்தம் 168 கிலோமீட்டர்.

ஊர்ப் பொட்டலில் பெரிய தகரக் கொட்டகை. மாட்டுச் சந்தை நடக்கும் இடமாம். பார்க்கிங் ஐந்து டாலர், ஊர்த் தீயணைப்புத் தொண்டர்கள் வாங்குகிறார்கள். நுழைவு பெரியவர்களுக்கு 15, குழந்தைக்கு இலவசம். கார்டு எடுக்க மாட்டார்கள், கையில் நோட்டு வேண்டும்.

உள்ளே நான் நினைத்த மாதிரி எதுவும் இல்லை. சத்தம் இல்லை. ஒவ்வொரு துப்பாக்கியையும் இரும்புக் கம்பியால் மேசையோடு கட்டியிருந்தார்கள். தாத்தாக்கள், குடும்பங்கள், ஸ்ட்ரோலரில் குழந்தைகள். மெடல்கள், பழைய ராணுவத் தொப்பிகள், தோல் பெல்ட்டுகள். ஒரு மேசையில் த்ரீ நாட் த்ரீ இருந்தது, 1,150 டாலர். ஊரில் பேங்க் வாசலில் காவலர் ஸ்டூலில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டு தூங்குவாரே, அதேதான். அவருக்கு அதன் விலை தெரிந்திருந்தால் தூங்கியிருக்க மாட்டார் என்றேன். பிரபு சிரித்தார். அன்றைக்கு நாங்கள் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

கொஞ்ச நேரத்தில் அவர், "நீங்க மெதுவா வாங்க, நான் அந்த வரிசையப் பார்த்துட்டு வர்றேன்" என்று முன்னால் போய்விட்டார். நானும் மகிழும் இடது பக்கம் திரும்பினோம். அங்கே துப்பாக்கி இல்லை, இரும்புப் பெட்டிகள்தான் வரிசையாக நின்றன. மகிழ் என் கையை விட்டுவிட்டு ஓடி, சாம்பல் நிறத்தில் உயரமாக நின்ற ஒன்றைத் தட்டினாள்.

"அம்மா, நம்ம பீரோ. பட் பொட்டு இல்ல."

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

செப்டம்பரில் பிரபு ஒரு இரும்பு பீரோ வாங்கி வந்தார். ஒரு நண்பரைக் கூப்பிட்டு, டிரில் போட்டு, கராஜ் சுவரோடு இறுக்கினார். கராஜ் என்றால் கார் நிற்கும் கராஜ் இல்லை. கம்பளம் விரித்து, ஏசி போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் மகிழோடு சேர்த்து ஐந்து பிள்ளைகளுக்கு நான் தமிழ் சொல்லிக்கொடுக்கும் அறை. எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் திருட்டுப் போயிருந்ததால், "இனிமே பாஸ்போர்ட், பத்திரமெல்லாம் இதுல வெச்சுக்கலாம்" என்றார். எனக்கு நிம்மதி. என் நகையும் அதில்தான் என்று முடிவு செய்தேன். சாவி கேட்டேன். இரண்டாவது சாவி செய்யக் கொடுத்திருக்கிறேன் என்றார். அப்புறம் கேட்டபோது கடைக்காரன் இழுத்தடிக்கிறான் என்றார். நானும் விட்டுவிட்டேன். ஆயுத பூஜை அன்று காருக்கும் லேப்டாப்புக்கும் சந்தனம் குங்குமம் வைத்தபோது அந்த பீரோவுக்கும் வைத்தேன். பிரபு பக்கத்தில் நின்று கற்பூரம் காட்டினார்.

கடையில் நின்ற இளைஞனிடம், பாஸ்போர்ட் வைக்க இது சரியாக இருக்குமா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. அவன் மரியாதையாகத்தான் பதில் சொன்னான். இது ரைஃபிளுக்கானது, உள்ளே தட்டுக் கிடையாது, நிறுத்தி வைக்கும் பள்ளங்கள்தான் உண்டு, மேலே இருக்கும் சின்ன அறை தோட்டாவுக்கு, அதற்குத் தனிப் பூட்டு. சாவி யாரிடம் இருக்கும் என்றேன். லைசென்ஸ் உள்ளவரிடம் மட்டும். வீட்டில் மற்றவர்களுக்குச் சாவி இருக்கும் இடம்கூடத் தெரியக்கூடாது, அதுதான் முறை என்றான்.

ஆக, பிரபு எனக்குச் சாவி தராமல் இருந்தது சட்டப்படி சரி. மூன்று மாதமாக அவர் சட்டத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறார்.

மகிழைத் தூக்கிக்கொண்டு கேன்டீனுக்குப் போய் உட்கார்ந்தேன். தேநீர் 4, சாசேஜ் ரோல் 7, சைவத்துக்குச் சிப்ஸ் மட்டும்தான். பக்கத்து மேசையில் தனியாக ஒரு தமிழ்ப் பெண், ஐம்பது வயதுக்குள் இருக்கும். மகிழிடம் நான் பேசியதைக் கேட்டுவிட்டுத் திரும்பினார்.

"இந்தியாவோ? உங்கட ஆளும் இதுக்கோ வந்தவர்?"

ஆமா என்றேன். பெயர் தேவி என்றார். இலங்கையிலிருந்து வந்து இருபத்தாறு வருடம், வீடு பென்ரித் பக்கம். கணவர் பழைய ரைஃபிள்கள் சேர்க்கிறவராம்.

"எத்தனை இருக்கு அக்கா?"

"ஏழு. பிள்ளையள் ரெண்டு, துவக்கு ஏழு. எதை அதிகம் துடைக்கிறவர் எண்டு கேளுங்கோ." சிரிக்காமல் சொன்னார். "வெடிச்சத்தத்துக்கு ஓடி வந்த மனுசன். இஞ்ச வந்து டிக்கெட் எடுத்துப் போய்ப் பாக்கிறார்."

"சாவி எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"திறப்போ? ஒரு நாளும் தெரியாது. தெரியக்கூடாதாம். நானும் பதினெட்டு வருசமா அந்த வீட்டைக் கூட்டித் துடைக்கிறன், என்ர கண்ணில படேல்லை. அவ்வளவு கவனம். என்ர பிறந்தநாளை அப்பிடிக் கவனிச்சா நல்லா இருக்கும்."

நான் பீரோ கதையைச் சொன்னேன். பொட்டு வைத்ததையும் சொன்னேன். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"விக்கிற ஆக்களில சிலபேர் மனுசியிட்டயும் கேப்பினம், சம்மதமோ எண்டு. என்னட்டயும் கேட்டவை. எனக்கு எல்லாருக்கும் முன்னால என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை, சிரிச்சனான். சிரிச்சா அவைக்கு ஓம்தான்."

அதைச் சொல்லி ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, பிரபு வந்தார். "சுதா, ஒரு நிமிஷம் வா. ஒருத்தர் உன்னப் பார்க்கணுமாம்."

நடந்துகொண்டே கேட்டேன். "கராஜ்ல இருக்கறது என்ன பீரோ பிரபு?"

அவர் நிற்கவில்லை. "வீட்ல போய்ப் பேசலாம்."

"மகிழ் கண்டுபிடிச்சிட்டா. நீங்க சொல்லல, அவ சொன்னா."

"சொன்னா நீ ஒத்துக்க மாட்ட. அதான் சொல்லல. கத்தாத, எல்லாரும் பார்க்கறாங்க."

நான் கத்தவில்லை.

அந்தக் கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். பிரபுவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், அதிலேயே மீதிக் கதை விளங்கிவிட்டது. மேசையில் ஒரு ட்வென்டி டூ ரைஃபிள், பழையது, 450 டாலர். அதன் பக்கத்தில் பிரபு பெயரில் போலீஸ் கொடுத்த வாங்கும் அனுமதித் தாள். லைசென்ஸ், பாதுகாப்பு வகுப்பு, இருபத்தெட்டு நாள் காத்திருப்பு, எல்லாம் முடிந்திருந்தது. நான் கடைசியில் வந்து நின்றேன்.

கடைக்காரர் மகிழைப் பார்த்தார், பிறகு என்னை. சட்டம் இதைக் கேட்கச் சொல்லவில்லை, ஆனால் சின்னக் குழந்தை உள்ள வீடு என்றால் நான் கேட்பேன், உங்களுக்கு இதில் சம்மதமா என்றார். இல்லை என்றால் விற்க மாட்டேன், கோபமும் இல்லை என்றார். அந்த முழு நாளில் என்னிடம் நேராகக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

பிரபு மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் வரிசையில் இரண்டு பேர். அத்தனை பேர் முன்னால் கட்டிய கணவரைப் பொய்யராக்கினால், 168 கிலோமீட்டர் திரும்பிப் போகும் காரில் என்ன நடக்கும் என்றுதான் யோசித்தேன். மகிழைப் பற்றி யோசித்ததாகச் சொல்ல ஆசைதான். யோசிக்கவில்லை. தலையாட்டினேன். கூடவே சிரித்தேனா என்று நினைவில்லை, சிரித்திருப்பேன்.

கடைக்காரர் சந்தையில் கொடுப்பதில்லை, பேசி முடித்துவிட்டு அதே ஊரில் இருக்கும் தன் கடையில் வைத்துத்தான் கொடுப்பாராம். வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பிரபு போய் எடுத்துக்கொள்ள வேண்டும். தன் கார்டை அவர் என்னிடம்தான் கொடுத்தார். அதுவரை மனசு மாறினால் ஒரு ஃபோன் போதும் என்றார்.

12.20க்குக் கிளம்பி 3.45க்கு வீடு. திரும்பும்போது பெரிய சண்டை ஒன்றும் இல்லை, அதற்காகத்தானே தலையாட்டினேன். மலை இறக்கத்தில் பிளாக்ஸ்லாண்டைத் தாண்டினோம். அப்புறம் அவர், "நான் கேட்டப்ப நீ சரின்னுதான சொன்ன" என்றார். அவர் என்னைக் கேட்கவே இல்லை, கேட்டது கடைக்காரர் என்றேன். அதற்கு அவர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார்.

இனிப் போகிறவர்களுக்கு: ஆறு மணிக்கே கிளம்பிவிடுங்கள். நோட்டு மாற்றிக்கொள்ளுங்கள். கொட்டகை வெயிலில் கொதிக்கும், தண்ணீர் எடுத்துப் போங்கள். குழந்தைகளை அழைத்துப் போகலாமா என்றால், போகலாம், அங்கே எல்லாம் கட்டித்தான் வைத்திருக்கிறார்கள். சட்டம் அடிக்கடி மாறுகிறது, வாங்க நினைப்பவர்கள் போலீஸ் தளத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். கணவர் 'சும்மா பார்க்க' என்று சொன்னால், வீட்டில் உங்களிடம் சாவி இல்லாத பூட்டு ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பிரபு கெட்டவர் இல்லை. கவனமானவர். சாவி யார் கண்ணிலும் படாமல் வைத்துக்கொள்வார், தோட்டாவைத் தனியாகத்தான் பூட்டுவார், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த பீரோ எதற்கு என்பதை மூன்று மாதம் என்னிடமிருந்து மறைத்தவர், உள்ளே பூட்டித்தான் இருக்கிறது என்று நாளைக்குச் சொன்னால், அதை நான் எதை வைத்து நம்புவது? திறந்து பார்க்க எனக்கு உரிமை இல்லை.

இனி, காரணம்.

இதைப் படிக்கிறவர்களில் நான்கு அம்மாக்கள் ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டு கராஜுக்குப் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள். ஐந்து பிள்ளைகளுக்கும் தொண்டையில் சிக்காமலிருக்கத் திராட்சையை நீளவாக்கில் நறுக்கித் தருகிறேன் என்று என்னைக் கேலி செய்கிறவர்கள். அந்த பீரோ கதவில்தான் நான் காந்த எழுத்துகளை ஒட்டிச் சொல்லிக்கொடுக்கிறேன், இரும்பு என்பதால் நன்றாக ஒட்டும். அ, ஆ வரிசையைப் பிள்ளைகள் அந்தக் கதவைத் தொட்டுத் தொட்டுத்தான் படித்தார்கள். போன ஞாயிறு மகிழுக்குச் சளி, வகுப்பு இல்லை என்று உங்களுக்குச் செய்தி அனுப்பினேன். மகிழுக்குச் சளி இல்லை. அன்று எழுத்துகளையெல்லாம் எடுத்து டப்பாவில் போட்டேன். பொட்டையும் துடைத்தேன். மஞ்சள் கறை போகவில்லை.

இந்த வாரம் அந்த பீரோ காலியாக இருக்கிறது. வரும் ஞாயிறு காலியாக இருக்காது. கடைக்காரரின் கார்டு என் கைப்பையில் இருக்கிறது, இரண்டு தடவை எண்ணை அழுத்திவிட்டு நிறுத்தினேன். முடிவு என்னுடையதுதான், உங்கள் தலையில் கட்டவில்லை. ஆனால் சனிக்கிழமை அன்று என்னைக் கேட்டபோது நான் பொய் சொன்னேன். உங்களை நான் கேட்கும்போது நீங்கள் உண்மையைச் சொல்ல வேண்டும்.

அந்தத் துப்பாக்கி உள்ளே இருக்கும்போது உங்கள் பிள்ளையை அந்த அறைக்கு அனுப்புவீர்களா? அனுப்புவேன், மாட்டேன், ஒரு வார்த்தை போதும். பின்னூட்டத்தில் போடக் கூச்சமாக இருந்தால் வாட்ஸ்அப்பில் போடுங்கள். சிரிப்புப் படம் மட்டும் போடாதீர்கள். பிரபு சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்புவார். அதற்கு முன்னால், தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.