ஸ்கோப்புக்கு வைத்த பொட்டு

லுக்குட் டவுனில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். கடை திறந்ததிலிருந்து சாத்தும்வரை ஊரார் கண்ணாடிகளைத் துடைப்பதுதான் என் பாதிப் பிழைப்பு. மீன் வெட்டுகிறவர், டீச்சர், மோட்டார் ஒர்க்‌ஷாப்காரர் என்று யார் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாலும் அதை எதால் துடைக்கிறார்கள் என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவேன். சட்டை நுனியால் துடைத்தால் பொடிப்பொடியாக வட்டக் கீறல் விழுந்திருக்கும். இந்தக் கெட்டிக்காரத்தனமெல்லாம் என் வீட்டு வாசலோடு சரி. வீட்டில் இருந்த ஒரே உயர்ந்த லென்ஸைத் தொட எனக்கு அனுமதி கிடையாது.

அது என் வீட்டுக்காரரின் ரைபிள்மேல் பூட்டியிருக்கும் ஸ்கோப். லிங்கிப் பக்கம் ஒரு செம்பனை எஸ்டேட்டில் குடியிருக்கிறோம். அவர் ஆலைக்குப் பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். லைசென்ஸ் எடுத்துத் துப்பாக்கி வைத்திருப்பவர் எங்கள் வீட்டு வரிசையில் அவர் ஒருவர்தான். வீட்டுக்குப் பின்னால் போட்ட மரவள்ளியையும் புதிதாய் நட்ட செம்பனைக் கன்றுகளையும் காட்டுப்பன்றிக் கூட்டம் கிளறிப் போட்டுவிட்டால், எல்லாரும் எங்கள் வாசலில் வந்து நிற்பார்கள். இவரும் ராஜா மாதிரி கிளம்பிப் போவார். அடித்த பன்றியை ஒரு வீடு விடாமல் பங்கு போட்டுக் கொடுப்பார். பத்து லோரி சொந்தமாக இருந்தாலும் அந்தப் பெருமை அவருக்குக் கிடைத்திருக்காது.

ஆனால் அந்த ஸ்கோப்பை அவர் பராமரித்த லட்சணம் இருக்கிறதே, சொன்னால் வெட்கக்கேடு. பனியனைத் தூக்கி, லென்ஸில் ஹா என்று ஊதி, சட்டி தேய்க்கிற மாதிரி அழுத்தித் தேய்ப்பார். மழையில் நனைந்து வந்தால் ஈரத்தோடு கைலியில் சுற்றி இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு லென்ஸுக்குள்ளேயே பூஞ்சை பிடிக்கும், பிடித்துவிட்டால் வெளியே எவ்வளவு துடைத்தாலும் போகாது என்று தலைப்பாடாய் அடித்துக்கொண்டேன்.

"நீ பாக்குறது மூக்குக்கண்ணாடி. இது துப்பாக்கிச் சாமான் லா. ரெண்டும் ஒண்ணா?" என்பார்.

ஒன்றுதான். ஆனால் அவரிடம் யார் சொல்வது? புதுக் கண்ணாடிப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்து வைத்து, அவர் அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் மூலையில் நைசாகத் திணித்துவிடுவதோடு என் சேவை முடிந்தது.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது அவர் அடுத்தடுத்து இரண்டு தடவை குறி தப்பினார். அதற்குமுன் தப்பியதே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த இரண்டும் பட்டப்பகலில், வெட்டவெளியில். ஸ்கோப் மங்கலாகத் தெரிகிறது என்றார். அப்புறம் காரணமும் கண்டுபிடித்தார். லுக்குட் கோப்பிக் கடையில் எவனோ அந்த ஸ்கோப்பைப் பார்த்து வாய் பிளந்தானாம், அன்றைக்குப் பட்டதாம் கண்ணேறு.

"இன்னொரு தடவ தப்பிச்சின்னா லைசென்ஸத் திருப்பிக் குடுத்துருவேன்" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. லோரியிலிருந்து இறங்கி வீட்டுக்கு வரும்போது எப்போதும் சீட்டி அடித்துக்கொண்டு வரும் மனிதர், அதையும் நிறுத்திவிட்டார். எனக்குப் பன்றியைவிட அந்த அமைதிதான் பயமாக இருந்தது.

ஆயுத பூசை வந்தது. எங்கள் வீட்டில் அன்று எல்லாச் சாமானும் சாமி முன்னால் உட்கார்ந்துவிடும். லோரிச் சாவி, பாராங் கத்தி, என் தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் உண்டு. மறுநாள் காலைப் பூசை முடியும்வரை ஒன்றையும் தொடக்கூடாது. நானும் என் பங்குக்கு லென்ஸ் துடைக்கும் துணி, லென்ஸ் தாள், மெல்லிய பிரஷ், காற்று ஊதும் ரப்பர் உருண்டை, மருந்துத் தண்ணீர்ப் புட்டி எல்லாவற்றையும் கடையிலிருந்து கொண்டுவந்து வரிசையில் வைத்திருந்தேன்.

பொட்டு வைப்பது அவர் வேலை. நான் அடுப்படியில் சுண்டல் தாளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், வாழை இலைமேல் குண்டில்லாத ரைபிள் படுத்திருக்கிறது. ஸ்கோப்பின் மூடி இரண்டும் கழன்று கிடக்கின்றன. முன் லென்ஸ், பின் லென்ஸ் இரண்டிலும், நட்டநடுக் கண்ணாடியில், அப்பளம் கனத்துக்குச் சந்தனம். அதன்மேல் குங்குமம். குறைக்கு விபூதிப் பட்டை வேறு.

"ஏங்க! கண்ணாடி மேலயா வைப்பீங்க?"

"கண்ணுலதான பட்டுச்சு கண்ணேறு? கண்ணுலதான வைக்கணும்" என்றார், பெரிய சூத்திரம் கண்டுபிடித்தவர் மாதிரி.

எனக்குக் கை பரபரத்தது. சந்தனம் காய்ந்தால் சிமெண்டு. அதிலுள்ள மணல்பொடி ஒன்று போதும், லென்ஸ்மேல் பூசிய மேற்பூச்சைக் கோடு கிழிக்க. ஆனால் தொடக்கூடாது. துடைக்கலாம் என்றாலும் என் துணியும் பிரஷும் பொட்டு வைத்துக்கொண்டு சாமி முன்னால் சம்மணம் போட்டிருக்கின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு ராத்திரியை ஓட்டினேன்.

மறுநாள் பூசை முடிந்து கற்பூரம் அணைந்ததும் அவர் பனியன் நுனியோடு வந்தார். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "தொட்டீங்கன்னா தெரியும்!" மனிதர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

முதலில் ரப்பர் உருண்டையால் காற்று அடித்தேன். விபூதி பறந்தது. லென்ஸைக் கீழ்நோக்கிச் சாய்த்து, பிரஷால் ஓரத்தைத் தட்டி, உதிர்வதையெல்லாம் உதிரவிட்டேன். மருந்துத் தண்ணீரைக் கண்ணாடிமேல் நேராகத் தெளிக்கவே கூடாது, ஓரம் வழியாக உள்ளே இறங்கிவிடும். லென்ஸ் தாளை நனைத்துச் சந்தனத்தின்மேல் படுக்கவைத்துக் காத்திருந்தேன். காய்ச்சல்காரக் குழந்தைக்கு நெற்றியில் ஈரத்துணி போடுவது போலத்தான். ஊறிய சந்தனத்தைத் தேய்க்காமல் ஒற்றி எடுத்தேன். மறுபடி புதுத் தாள், மறுபடி ஒற்றல். குங்குமச் சிவப்பு லேசில் விடவில்லை. கடைசியில் சுத்தமான துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்லச் சுழற்றித் துடைத்தேன். ஒரு கீறல் இல்லை! லென்ஸின் பச்சை கலந்த ஊதா மினுமினுப்பு அப்படியே திரும்பி வந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் சுண்டல் மீதியை நானே தின்றுவிட்டேன்.

துப்பாக்கியை வாசலுக்குக் கொண்டுபோய் எதிர்க்காட்டைப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது.

"போவல. அப்படியேதான் மங்கலா இருக்கு."

நான் வாங்கிப் பார்த்தேன். தூரத்துச் செம்பனையில் உட்கார்ந்திருந்த காக்கையின் மூக்கு தெரிந்தது. மட்டையின் முள் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கண்ணாடி சரியில்லை என்று எத்தனை பேர் என்னிடம் கடையில் சொல்லியிருப்பார்கள்! ஸ்கோப்பை அவர் கையில் கொடுத்தேன். "கடைக்கு வாங்க" என்று மட்டும் சொன்னேன்.

அவர் உடனே ஒத்துக்கொண்டதுதான் ஆச்சரியம். மறுநாள் நாற்காலியில் கம்பீரமாக உட்கார்ந்து, கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகையை அடிவரிவரை மளமளவென்று ஒப்பித்தார். எங்கள் சீன முதலாளி, தவுக்கே, அசந்துபோய்ச் சீனத்தில் பாராட்டினார். எனக்குச் சந்தேகம். தினமும் சாயங்காலம் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப்போக வருகிறவர், நான் கிளம்பும்வரை அந்தப் பலகைக்கு எதிரில்தானே உட்கார்ந்திருப்பார்? வருஷக்கணக்கில் பார்த்தது. தூங்கும்போது கேட்டாலும் சொல்வார். உள்ளேயிருந்து வேறு பலகையை எடுத்துவந்து மாட்டினேன். இரண்டாம் வரியிலேயே சத்தம் நின்றது.

தவுக்கேக்குப் புரியாதபடி தமிழில், மிகவும் மெதுவாகக் கேட்டார். "அப்ப துப்பாக்கியக் குடுத்துறணுமா?"

இத்தனை நாள் அந்தப் பயத்தைத்தான் பனியனால் தேய்த்துக்கொண்டிருந்தாரா! "ஒண்ணும் குடுக்க வேணாம் லா. கண்ணாடி போட்டா போதும்" என்றேன். நம்பாமல் தவுக்கேயைப் பார்த்தார். அவரும் மலாயில் அதையே சொன்ன பிறகுதான் தோள் இறங்கியது.

கண்ணாடி தயாரானதும் போட்டுக்கொண்டு வீட்டு வாசலில் நின்று ஸ்கோப்பில் பார்த்தார். பின்பக்க வளையத்தை அவர் கண்ணுக்குத் தக்கபடி திருப்பிக்கொடுத்தேன். "அட" என்றார். அப்புறம் தூரத்துச் செம்பனை மட்டையின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே பன்றி இறங்கியது. விடிந்தும் விடியாததுமாகப் போனார். நான் தேநீர் கலக்கிய கையோடு வாசலில் நின்றேன். ஒரே வெடி. அப்புறம் அமைதி. பிறகு செம்பனை வரிசைக்குள்ளிருந்து கேட்டது, சீட்டி. கரண்டியைக் கையில் பிடித்தபடியே சிரித்துவிட்டேன். அன்று மத்தியானம் எங்கள் வரிசை முழுக்க மிளகு மணம்தான், எல்லா வீட்டிலும் பன்றிப் பிரட்டல்.

இந்த வருஷ ஆயுத பூசையில் ஸ்கோப்புக்குப் பொட்டு குழாயின்மேல், லென்ஸிலிருந்து தள்ளி. மூடிகளை அவரே அழுத்திச் சாத்தினார். நான் அடுப்படியிலிருந்து திரும்பி வந்து பார்த்தால் வரிசைக் கடைசியில், என் துடைக்கும் துணிமேல், அவருடைய மூக்குக்கண்ணாடி. லென்ஸில் ஒரு துளி படாமல் காதுக் கம்பியில் மட்டும் குங்குமம்.

"நாளைக்கு வரைக்கும் தொடக்கூடாதே, என்னா செய்வீங்க?"

"நீதான் கூட்டிட்டுப் போவணும்" என்றார்.

அன்று முழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தார். கோயிலுக்கு, அக்கம்பக்கத்து வீட்டுக்கு, கொல்லையில் மரவள்ளி பார்க்க, எல்லாவற்றுக்கும். வாசற்படி வந்தால் நின்று, காலால் தடவி இறங்கினார். அவர் கண்ணின் பவர் எனக்கு மனப்பாடம். அந்தப் பவருக்கு யார் கையையும் பிடிக்கவேண்டிய அவசியமே இல்லை. நான் அதைச் சொல்லவில்லை.