அரிசிச் சாக்குக்குள் ஒரு ஹைட்ரேன்ஜியா

கனடாவில் என் மனைவியின் தமக்கை ஸ்ரௌவ்வில் நகரில் பெரிய வீடு வாங்கிய நாளிலிருந்து எங்கள் அஜக்ஸ் வீட்டின் மானத்தைக் காப்பாற்றி வந்தது வாசலில் நின்ற ஹைட்ரேன்ஜியாச் செடிதான். தமக்கையிடம் எல்லாம் இருந்தது. இப்படி நீலமாய்க் கொத்துக் கொத்தாகப் பூக்கும் செடி மட்டும் இல்லை. அடுத்த கோடையில் அதைப் பார்க்க வரச்சொல்லி மனைவி அழைத்தும் விட்டாள்.

அதுவரை குளிரிலிருந்து அதைக் காப்பாற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கடையில் சணல் துணி வாங்கிச் சுற்றச் சொன்னாள்.

"வீட்டிலை அரிசிச் சாக்கு கிடக்கேக்கை உதுக்கும் காசு குடுக்கிறதோ?" என்று துள்ளினேன்.

எங்கள் வீட்டில் பாஸ்மதிச் சாக்கை எறிந்த சரித்திரமே இல்லை. செடி சாக்கைவிட உயரம். அதனாலென்ன? கத்தரிக்கோலை எடுத்துச் செடியை முழங்கால் அளவுக்கு நறுக்கி, சாக்கைக் கவிழ்த்து, அடியில் கட்டினேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

குளிர்காலம் முழுக்கக் காவல் இருந்தேன். காற்று அடித்தால் ஓடிப்போய்க் கயிற்றை இறுக்குவேன். என் காதுக்குத் தொப்பி போட மறந்தாலும் அதன் சாக்கை மறக்கவில்லை.

வசந்தத்தில் இலை வந்தது. ஜூலையும் வந்தது. பூ வரவில்லை. ஒன்றுமே சுற்றாத பக்கத்து வீட்டு அங்கிளின் செடியோ பூத்துத் தள்ளியது. "இந்த முறை குளிர் கூட," என்று மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். வேலிக்கு அங்கால் நின்ற அங்கிள் சும்மா இருந்திருக்கலாம்.

"குளிரில்லைத் தம்பி. உது போன வருசத்துக் கொப்பிலைதான் பூக்கும். ஆர் வெட்டினது?"

"நாசமாப் போச்சு!" என்றாள் மனைவி. "சனிக்கிழமை அக்கா வாறா."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை காலை டொலர் கடைக்கு ஓடி, நீலப் பிளாஸ்டிக் பூக்கள் வாங்கிவந்து கொப்புக்குக் கொப்பு நூலால் கட்டினேன். ஐந்தடி தள்ளி நின்றால் தெரியாது. தமக்கை காரிலிருந்து இறங்கியதுமே, "ஐயோ, என்ன வடிவு!" என்று படம் எடுக்கத் தொடங்கிவிட்டார். மனைவியின் முகம் மலர்ந்தது. எனக்கு மூச்சு வந்தது. புறப்படும்போதுதான் தமக்கை திரும்பி நின்றார்.

"எடியே, எங்கடை வீட்டிலை நட ஒரு கொப்பு வெட்டித் தாவன். அந்தப் பெரிய பூவோடை."

மனைவி உள்ளே போய்க் கத்தரிக்கோலை எடுத்துவந்து என் கையில் வைத்தாள்.

"உதுக்கு இவரைத்தான் கேக்க வேணும், அக்கா. வெட்டுறதிலை ஆள் விண்ணன்."