இடம் பிடிக்கப் போட்ட துண்டு

இன்று மதியம் சிங்கப்பூர் தேக்கா உணவு நிலையத்தில் ஒரே கூட்டம். இடம் பிடிக்கக் கையில் டிஷ்யூ பாக்கெட் இல்லை. நம் காற்பந்துக் குழுவின் ரசிகர் துண்டை நாற்காலியில் போட்டுவிட்டு, தோசை வாங்கப் போனேன்.

திரும்பி வந்தால் அங்கே ஒருவர் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். துண்டு மேசை ஓரத்தில் கிடந்தது.

"அண்ணே, இது நான் புடிச்ச எடம்."

"சாரி தம்பி. நேத்து மேட்ச்ல தோத்ததப் பாத்துட்டு யாரோ வீசிட்டுப் போயிட்டாங்கன்னு நெனச்சேன் லா."

எதிரில் உட்கார்ந்தேன். கோல் அடிக்கத் தெரிந்த ஒரே ஆளைப் பயிற்றுவிப்பாளர் மறுபடியும் வெளியே உட்கார வைத்ததைச் சொல்லிப் புலம்பினேன்.

"நானும் அதே டீம்தான். என் துண்ட போன மாசமே வீசிட்டேன்" என்றார்.

ஒரு நாற்காலியைக்கூடக் காக்கத் தெரியாத துண்டு. நம் தற்காப்பு ஆட்டக்காரர்களுக்கு எவ்வளவு பொருத்தம்!

ரசிகர்களே, துண்டை இன்னும் வீசாதவர்கள் கை தூக்குங்கள்.