நடுச்சக்கரத்துக்கு முப்பத்தைந்து

அத்தையின் வண்டியை எங்கள் தெருவில் எல்லோரும் மூன்று சக்கர வண்டி என்றுதான் சொன்னார்கள். எண்ணிப் பார்த்தால் நான்கு வரும். முன்னால் ஒன்று, பின்னால் எஞ்சின் சுழற்றும் நடுச்சக்கரம் ஒன்று, அதன் இரண்டு பக்கமும் விழாமல் தாங்குவதற்காகப் பொருத்திய சிறிய சக்கரங்கள் இரண்டு. பின்னால் நின்று பார்ப்பவர்களுக்கு மூன்று தெரியும். பெயரும் அப்படியே நின்றுவிட்டது. இந்தத் திருத்தத்தைப் பத்து வயதில் நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். யாரும் நன்றி சொன்னதில்லை.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. இரண்டு வயதில் வந்த போலியோவில் இடது கால் மெலிந்துவிட்டது. கல்யாணம் ஆகவில்லை; எங்களோடுதான் இருந்தார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டைகளைக் குழல்விளக்கின் அடியில் விரித்து, ஓட்டையும் எண்ணெய்க் கறையும் தேடி எடுக்க வேண்டும். பல வருடம் கம்பெனி வேனில் மற்றவர்கள் கைகொடுத்து ஏற்றிவிடப் போய்வந்தவர், முப்பத்து மூன்றாவது வயதில் ஒரு பழைய ஸ்கூட்டரை வாங்கிப் பக்கச் சக்கரங்களைப் பொருத்திக்கொண்டார்.

பொருத்திக் கொடுத்த மெக்கானிக், எல்லா டயருக்கும் முப்பது பவுண்டு காற்று அடித்தால் போதும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். மூன்றாம் நாள் மாலை வண்டி கம்பெனி வாசலிலேயே நின்றுவிட்டது. அங்கே தரை மேடும் பள்ளமுமான ஜல்லி. காற்று நிறைந்த பக்கச் சக்கரங்கள் இரண்டும் மேட்டில் ஏறி நிற்க, நடுச்சக்கரம் தரையைத் தொடாமல் சுழன்றது. எஞ்சின் கத்தியதே தவிர, வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை. ஷிப்டு முடிந்து வந்த கூட்டம் நின்று வேடிக்கை பார்த்தது. இஸ்திரிப் பிரிவில் இருந்த அயர்ன் மாஸ்டர் ஒருவர்தான் பின்னால் வந்து தள்ளினார். தென்கோடிக் கடற்கரைப் பக்கத்துக்காரர். அவர் சொன்னதை அத்தை அன்று வீட்டில் அவருடைய பேச்சிலேயே சொல்லிக் காட்டினார், இரண்டு முறை.

"பக்கத்து வீல்ல காத்தக் கொறைங்க மேடம். நடு வீலு தரையில உக்காந்தாத்தான வண்டி போவும்."

"இஸ்திரி போடறவனுக்கு டயரப் பத்தி என்ன தெரியும்?" என்றார் அப்பா.

தெரிந்திருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டுக்குப் பின்னால் இடிந்துபோன விசைத்தறிக் கொட்டகையின் சிமெண்டுத் தளத்தில் இரண்டு வாளித் தண்ணீரை ஊற்றினோம். அத்தை அதன்மேல் வண்டியை ஓட்டிப் போவார். நான் மண்டியிட்டு ஈரத் தடங்களைப் படிப்பேன். மூன்று கோடுகளில் நடுக்கோடு அழுத்தமாகவும் ஓரக்கோடுகள் லேசாகவும் விழவேண்டும். காற்றளக்கும் மீட்டர், பென்சில் பருமனில் ஒன்று, என் வசம் இருந்தது. பக்கச் சக்கரங்களுக்குப் பதினெட்டு என்று சீக்கிரமே முடிவாயிற்று. நடுச்சக்கரம்தான் ஆள் கணக்கைப் பொறுத்து மாறியது. பின்னால் உட்கார வைத்துப் பார்க்க அம்மாவை அழைத்தோம்.

"எத்தனை கிலோம்மா?"

"எம்பட எடை உனக்கெதுக்குடி? சும்மா ஓட்டிப் பாருங்க."

மதியத்துக்குள் விடை கிடைத்தது. அத்தை மட்டும் போனால் இருபத்தெட்டு. பின்னால் ஆள் ஏறினால் முப்பத்தைந்து. தனியாகப் போகிறபோது முப்பத்தைந்து இருந்தால், பக்கச் சக்கரங்கள் தரையில் சரியாகப் படியாமல் வண்டி இடமும் வலமுமாக ஆடும்.

அதன்பின் திங்கட்கிழமை காலைகளில் தெருமுனைப் பஞ்சர்க் கடைக்கு நானும் அத்தையும் போவது வழக்கமாயிற்று. கடைக்காரர் நெல்லைப் பக்கத்து அண்ணாச்சி. அவர் அடிக்கிற காற்றை நான் மீட்டர் வைத்துச் சரிபார்ப்பது அவருக்கு உறுத்தலாகவும் வேடிக்கையாகவும் இருந்தது.

"வாங்க மீட்டரம்மா! பஸ்ஸுக்குக்கூட இம்புட்டுக் கணக்குப் பாக்க மாட்டாவ."

ஆடி முடிந்த பிறகு ஒரு திங்கட்கிழமை, அத்தை நடுச்சக்கரத்துக்கு முப்பத்தைந்து வைக்கச் சொன்னார்.

"யாரு அத்தை ஏறுவாங்க?"

"சாயங்காலம் வரயில ஒருத்தரு பல்லடம் ரோட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் வருவாருங் கண்ணு."

"காலையில தனியாத்தான போறீங்க? அப்ப ஆடுமே."

"ஆடட்டும்."

அந்த ஒருத்தரை நான் ஒரே ஒரு முறை பார்த்தேன். அம்மாவும் நானும் கடைக்குப் போய்த் திரும்புகையில், அந்த ஸ்டாப்பில் அத்தையின் வண்டி நின்றிருந்தது. இறங்கியவர் உயரம் குறைவு. நாற்பதை ஒட்டிய வயது. கையில் இரண்டடுக்குச் சாப்பாட்டுக் கேரியர். வண்டியைத் தள்ளிவிட்ட அயர்ன் மாஸ்டர் அவர்தான் என்பது பேச்சைக் கேட்டதும் புரிந்தது. கிளம்புமுன் குனிந்து நடு டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார், என்னவோ சொன்னார். அத்தை தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். அப்படியொரு சிரிப்பை எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. ஆனால் என் மனதில் தைத்தது டயர்தான். மீட்டரும் அதற்கென்று ஓர் ஆளும் இருக்கும்போது, விரலால் அமுக்கிப் பார்ப்பது என்ன முறை?

அம்மாவும் பார்த்தார். என் கையைப் பிடித்து ரோட்டின் எதிர்ப்பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். அப்பாவிடம் அதைப் பற்றி அவர் பேசியதாகத் தெரியவில்லை.

தீபாவளிக்குக் கம்பெனி மூடும் நாளில் முப்பத்தெட்டு வைக்கச் சொன்னார் அத்தை. ஊருக்குப் போகிறவரிடம் பை இருக்குமாம்.

தீபாவளிக்குத் திருப்பூர் காலியாகிவிடும். தெற்கே போகும் பஸ்களில் நிற்க இடமிருக்காது. பிறகு ஊருக்குப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்புவார்கள். கம்பெனிகளில் மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கும். சிலர் வரமாட்டார்கள். வராதவர்களைப் பற்றி யாரும் அதிகம் விசாரிப்பதில்லை. சொந்த ஊரிலேயே வேலை கிடைத்திருக்கும், அல்லது வேறு கம்பெனியில் சேர்ந்திருப்பார்கள், அல்லது வீட்டில் ஏதாவது முடிவு செய்திருப்பார்கள். அயர்ன் மாஸ்டர் கார்த்திகை பிறந்தும் வரவில்லை. அத்தை சமையலறை வாசலில் நின்று செல்போனைக் காதில் வைப்பதும், ஒரு வார்த்தையும் பேசாமல் எடுத்துவிடுவதும் எனக்குப் பழகிப்போயின. அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று சொல்லும் பெண்குரல் கூடத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே கேட்கும்.

திங்கட்கிழமைதோறும் முப்பத்தைந்து மட்டும் மாறவில்லை.

மழை கம்பெனிக்குப் போகும் ரோட்டைக் குழியாக்கியிருந்தது. போகவர ஆடி ஆடி அத்தைக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒருநாள் அம்மா வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"இன்னுங் கொஞ்சம் மேலங்க நங்கை," என்றார் அத்தை. அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"எதுக்கு இந்த வலியத் தாங்கீட்டுத் திரியறே? காத்தக் கொறச்சாத்தான் என்ன?"

அத்தை துணியைத் தானே வாங்கி வெந்நீரில் நனைத்துப் பிழிந்தார்.

அம்மாவின் கேள்விக்குப் பதில் என்னிடம் இருந்தது. மறுநாள் காலை அத்தை தலைவாரிக்கொண்டிருக்கையில், நான் வாசலுக்குப் போய் நடுச்சக்கரத்தின் வால்வை அழுத்தி இருபத்தெட்டுக்கு இறக்கினேன். இரண்டு முறை அளந்தேன். கன கச்சிதம்.

வண்டி தெருமுனை வரை ஆடாமல் போயிற்று. அங்கே நின்றது. பிறகு திரும்பி வந்தது.

"காத்த யாரு எறக்குனது?"

"நாந்தானுங்க அத்தை. தனியாத்தான போறீங்க."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "ஏறு" என்றார். தாமதமாகப் போனால் அரை ஷிப்டு போய்விடும் என்பது எனக்கும் தெரியும். நேராகப் பஞ்சர்க் கடைக்குப் போனோம். அண்ணாச்சி அப்போதுதான் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"நேத்துத்தான தாயி அடிச்சோம்?"

"மறுபடியும் முப்பத்தஞ்சு வெச்சிருங்க."

"ஒத்தையில போறவியளுக்கு எதுக்கு அம்புட்டு? இடுப்பு ஒடிஞ்சுரும்."

"ஆளு வந்து நின்னதுக்கப்புறம் காத்துக்கு எங்கீங்க போறது, அண்ணாச்சி?"

அண்ணாச்சி எப்போதும் ஒரு மறுபேச்சு வைத்திருப்பவர். அன்று நேராக ஹோஸை எடுத்தார். என்னை மீட்டரம்மா என்றும் கூப்பிடவில்லை. எனக்கு அத்தைமேல் கோபமாக வந்தது. தண்ணீர் ஊற்றி, கோடு பார்த்து, சேர்ந்து கண்டுபிடித்த கணக்கை அவரே மதிக்கவில்லை என்று நினைத்தேன். இரண்டு நாள் அவரோடு பேசாமலிருந்தேன். அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

மார்கழியில் ஓர் இரவு சாப்பிடும்போது அத்தை சொன்னார்:

"அயர்னுக்குப் புதுசா ஒரு வடக்கத்திப் பையன் வந்திருக்கறானுங்க நங்கை. இந்தி தவிர ஒண்ணுந் தெரியல. வேலை மட்டும் நல்ல சுத்தம்."

"தமிழெல்லாம் மூணே மாசத்துல கத்துக்குவானுக," என்றார் அப்பா.

அம்மா கேட்காமலே அத்தையின் தட்டில் இன்னொரு தோசை வைத்தார். அத்தை வேண்டாம் என்று சொல்லாமல் அதைத் தின்று முடித்தார்.

மறுநாள் காலை, வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"மீட்டரக் கொண்டா கண்ணு. நடுவுல இருபத்தெட்டு வெய்யி."

இறங்கச் சொன்னேன், ஆள் உட்கார்ந்திருக்க அளப்பது சரியல்ல. "பரவால்ல, எறக்கு" என்றார். குந்தி உட்கார்ந்து வால்வை அழுத்தினேன். அழுத்துவதும் அளப்பதுமாக முப்பத்து மூன்று, முப்பத்தொன்று என்று காற்று இறங்கிவந்தது. அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கைகளும் ஹேண்டில்பாரில் இருந்தன.

"இன்னுங் கொஞ்சம் இருக்குதுங்க அத்தை."

"மெதுவா எறக்கு. அவசரமில்ல."

இருபத்தெட்டில் நிறுத்தி, மீட்டரை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"நாஞ் சொன்னதுதான சரி?"

அவர் மீட்டரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"ஆமா சாமி. நீ சொன்னதுதான் சரி."

வண்டி தெருவில் ஒரு சிறு ஆட்டமும் இல்லாமல் போயிற்று. நான் உள்ளே ஓடி, அத்தை கடைசியில் என் கணக்கை ஒத்துக்கொண்டுவிட்டார் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா கரண்டியை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தார். தெருவில் பார்க்க ஒன்றும் இல்லை. "பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு, கெளம்பு" என்றார்.

அன்று நாள் முழுவதும் எனக்கு ஒரே சந்தோஷம்.