இடது பக்கம் திரும்பாத கார்

என் கணவர் ஒரு காரைக் காதலித்தவர். கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்கு அது தெரியும். முன்னமே தெரிந்திருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பேன்.

அது ஒரு பந்தயக் கார். என் மாமனார் இளவயதில் ஒரு பழைய பியட்டின் இன்ஜினை எடுத்து, இரும்புக் குழாய்களை வெல்டிங் வைத்துச் சட்டம் கட்டி, அலுமினியத் தகட்டில் உடம்பு செய்து தானே உருவாக்கியது. இரண்டு சீட்டு. கதவும் இல்லை, கூரையும் இல்லை. அப்போதெல்லாம் சோழவரத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடக்கும். இப்படி வீட்டிலேயே கட்டிய கார்களும் அங்கே ஓடுமாம். ஒரு பந்தயத்தில் கடைசிச் சுற்று வரை மாமனார்தான் முதல். முடிகிற இடத்துக்கு முன்னால் ஒரு இடது வளைவு. அதில் வண்டி விக்கி விக்கி நின்றுவிட்டது. ஓரமாகத் தள்ளிப்போய்ப் பார்த்தால் எந்தக் கோளாறும் இல்லாமல் கிளம்புகிறது.

பயந்துபோய் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டான் என்று கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். முதலில் அவர்களோடு சண்டை போட்டார். போகப் போக அவரே அதை நம்பிவிட்டார். காரை விற்றார். அதற்குப் பிறகு யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் சாப்பாட்டில் பாதியிலேயே எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

திருவண்ணாமலை தனி மாவட்டமான சமயம், கணவர் வேலூரிலிருந்து மாற்றல் வாங்கிக்கொண்டு சொந்த ஊருக்கே வந்தார். கலெக்டர் ஆபீஸில் வேலை, வேங்கிக்காலில் வீடு. ஒருநாள் அடி அண்ணாமலைக்கு ஆபீஸ் வேலையாகப் போனவர், வந்ததும் வராததுமாக, "அப்பா காரைப் பாத்துட்டேன்" என்றார்.

மறுநாள் நானும் போய்ப் பார்த்தேன். ஒரு கிணற்றடிக் கொட்டகையில் இன்ஜின் கிடந்தது. கரண்ட் மோட்டார் வரும்வரை பல வருஷம் நிலக்கடலைக்குத் தண்ணீர் இறைத்ததாம். காரின் உடம்பைக் கவிழ்த்துப்போட்டு அதற்குள் கோழி வளர்த்தார்கள். அந்த விவசாயி தாராளமான மனுஷர்.

"எடுத்துக்கினு போங்க சார். ஆனா கோழிங்களுக்கு வேற வீடு கட்டிக் குடுத்துடுங்க."

எங்கள் வீட்டுச் சுவரில் ஓர் ஆணி அடிக்க ஒரு மாதம் எடுத்துக்கொள்கிற என் கணவர், இரண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் செங்கல் வைத்துக் கோழி வீடு கட்டினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

அதோடு எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் தொலைந்தன. பத்து வருஷம்! வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு, செங்கம் ரோட்டு டிங்கரைக் கூட்டிவந்து, நெளிந்த தகட்டைத் தட்டித் தட்டி நிமிர்த்தினார்கள். தண்ணீர் தொட்டு உப்புத்தாள் தேய்த்தது நான். ரெக்ஸின் வாங்கி சீட் தைத்ததும் நான்தான். மாமனார் இரண்டு வருஷம் ஷெட் இருக்கிற பக்கமே திரும்பவில்லை. பிறகு ஒருநாள் காலையில் வாசலில் நின்று, "எவன்டா ஸ்டீரிங் ராடைத் தலைகீழா மாட்டனவன்?" என்று கத்தினார். அன்றிலிருந்து நாற்காலி போட்டுக்கொண்டு அங்கேயேதான் இருந்தார். எனக்குத்தான் கூடுதலாக ஒரு டீ போடுகிற வேலை.

பெட்ரோல் டேங்க் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. புதிதாகச் செய்யும்போது டிங்கர் கேட்டார்:

"பெட்ரோல் உறிஞ்சற பைப்பு இடது ஓரமா கீதே சார். நடுவுல வெச்சுடட்டா?"

"அப்பா வெச்ச எடத்துலயே வை" என்றார் கணவர். அப்பா வைத்தது வேதம். நூல் பிடித்து அளந்து அதே ஓரத்தில் வைத்தார்கள்.

வண்டி கிளம்பிய அன்று சூடம் காட்டி, நான்கு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, நேராக மலையைச் சுற்றக் கிளம்பினோம். மாமனாரின் பழைய பழக்கம் அது. அவர் வண்டியைச் சோதிப்பதென்றால் கிரிவலப் பாதையில்தான், மலையை வலது கைப்பக்கம் வைத்துத்தான். நாங்களும் அப்படியே பழகினோம். ஒவ்வொரு ஞாயிறும் விடிந்ததும் ஒரு சுற்று. நடுவில் இடது பக்கம் ஒடிக்க வேண்டிய இடங்களில் ஆடு, மாடு, நடக்கிற ஜனங்கள் என்று ஊர்ந்துதான் போக முடியும். ரமணாசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்கள் கைதட்டுவார்கள். வண்டி ஒருநாள்கூட நிற்கவில்லை.

அப்புறம் சென்னைக்குப் பக்கத்தில், பழைய பந்தயக் கார்களைத் தடத்தில் மூன்று சுற்று ஓடவிடுகிறார்கள் என்று தகவல் வந்தது. கணவருக்கு ஒரே ஆசை. அந்த வண்டி எல்லைக்கோட்டைத் தாண்டுவதை அப்பா கண்ணால் பார்க்க வேண்டும். லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம்.

"மூணு சுத்துக்கு எவ்ளோ வேணுமோ அவ்ளோதான் ஊத்தணும். வெயிட் ஜாஸ்தியானா ரேஸ் வண்டி எழுந்திரிக்காது" என்று மாமனார் கொஞ்சமாகப் பெட்ரோல் ஊற்றினார். பத்து வருஷம் உழைத்ததற்குக் கூலியாகப் பக்கத்து சீட்டில் நான் ஏறிக்கொண்டேன்.

இரண்டு சுற்று பறந்தோம். மூன்றாவது சுற்றில், இரண்டு தடவை தாண்டிய அதே இடது வளைவு. இன்ஜின் விக்கியது. இன்னொரு தடவை விக்கியது. நின்றுவிட்டது. நான் குனிந்து பார்த்தேன். கணவரின் கால் ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்தபடி இருந்தது.

ஓரமாகத் தள்ளி வந்தோம். மாமனார் வேலியோரமாக மெதுவாக நடந்து வந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"பயந்துட்டியாடா?" என்றார்.

எனக்குச் சுரீர் என்று வந்தது. "அவரு காலை எடுக்கல மாமா. நான் கண்ணால பாத்தேன்."

கணவர் செல்ஃபைத் தட்டினார். உடனே கிளம்பியது. எனக்கு எங்கள் வீட்டு மண்ணெண்ணெய் டின் ஞாபகம் வந்தது. அடியில் கொஞ்சம் இருக்கும்போது பம்பு இருக்கிற பக்கம் சாய்த்தால்தான் எண்ணெய் ஏறும், மறுபக்கம் சாய்த்தால் வெறும் காற்றுதான்.

"ஏங்க, நாம எப்பவும் மலையை வலது பக்கம் வெச்சுத்தானே ஓட்டினோம்? வலது பக்கம் திரும்பினா பெட்ரோல் இடது பக்கம் போவும். பைப்பும் அங்கதான் கீது. இடது பக்கம் வேகமாத் திரும்பினா?"

கணவர் டேங்கைப் பார்த்தார். மாமனார் கையாலேயே காற்றில் ஒரு இடது வளைவு போட்டுப் பார்த்தார். பிறகு அப்படியே டயர்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"கடைசிச் சுத்து. பெட்ரோல் கம்மியாதான் இருந்திருக்கும்" என்றார். "அப்ப நான் காலை எடுக்கலியா?"

எனக்கு அழுகை வந்தது.

நின்றுபோன வண்டிகளுக்குச் சாயங்காலம் இன்னொரு வாய்ப்பு கொடுத்தார்கள். டேங்கைக் கழுத்து வரை நிரப்பினோம். கணவர் ஹெல்மெட்டைக் கழற்றி அப்பாவின் தலையில் மாட்டினார். நான் அதே சீட்டில்தான்; யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

மூன்றாவது சுற்றில் அந்த வளைவு வந்தது. "கம்மி பண்ணுங்க மாமா!" என்று நான்தான் அலறினேன். குனிந்து அவர் காலையும் பார்த்துக்கொண்டேன். கால் அசையவில்லை. கோட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய்த்தான் நிறுத்தினார்.

திரும்பி வரும்போது லாரியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, கால எடுத்தனா?"

"எடுக்கவே இல்ல மாமா."

வேங்கிக்கால் வருவதற்குள் அதையே இன்னும் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் சொன்னேன்.