கரியல் இல்லாத சைக்கிள்

நம்பாதவர்கள் நம்பாமல் போகட்டும், எனக்கொரு நட்டமும் இல்லை. ஆனால் கட்டுக்கதை என்று மட்டும் யாரும் வாய் திறக்கவேண்டாம். நடந்தது நடந்ததுதான். எங்கள் ஸ்ரிபன் வாழ்க்கையில் ஒரேயொரு பெரிய பொய் சொன்னான். அதற்குக் கிடைத்த பதில்தான் இது.

எண்பத்தாறில் டென்மார்க் வந்து இறங்கியபோது, ஏஜென்சிக்காரன் சொல்லிக் கொடுத்ததை அப்படியே பொலிசில் ஒப்புவித்தான். மன்னாரில் தன் மனைவி அமலராணியை ஆமி சுட்டுவிட்டது என்றான். விசா கிடைத்தது. அமலராணியோ ஊரில் குத்துக்கல் மாதிரி உயிரோடு இருந்தாள். விசயம் தெரியாத டேனிஷ் பாதர் வேறு இரக்கப்பட்டு, அடுத்த வருடம் ஆத்துமாக்கள் திருநாள் பூசையில் அவள் பெயரை வாசித்து மெழுகுதிரி கொளுத்திவிட்டார். வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? ஸ்ரிபன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். உயிரோடு இருக்கிற பெண்சாதிக்கு இறந்தோர் பூசை!

எண்பத்தெட்டு ஆனி பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு விபோர்க் பொலிஸ் கந்தோரில் குடும்ப விபரம் பற்றி அவனுக்கு விசாரணை. மனைவியை டென்மார்க்குக்குக் கூப்பிடுவதென்றால் பழைய பொய்யை ஒப்புக்கொள்ளவேண்டும். ஒப்புக்கொண்டால் தன்னுடைய விசாவே போகலாம். வாயை மூடினால் அவள் காலம் முழுக்க அந்தச் சண்டைக்குள்ளேதான் கிடக்கவேண்டும். மூன்று இரவு அவன் நித்திரை கொள்ளவில்லை.

"இப்பிடியே அறைக்குள்ள கிடந்தா விசர்தான் பிடிக்கும். வா மச்சான், சைக்கிளில ஒரு சுத்துச் சுத்தி வருவம்," என்றான் கூட இருந்த பாலேந்திரா. இவனும் லேசுப்பட்டவன் இல்லை. உயிரோடு இருக்கிற தம்பி தேவராசாவை வாயாலேயே கொன்று விசா எடுத்தவன்.

பக்டரி போர்மன் தன் மகனின் புது மவுண்டன் பைக்கை ஸ்ரிபனுக்கு ஒருநாள் இரவல் கொடுத்தான். மொத்தமான டயர். பின்னால் ஆள் ஏற்றக் கரியல் கிடையாது, மட்கார்ட்கூட இல்லை. பாலேந்திராவிடம் இருந்தது கரியல் வைத்த பழைய சைக்கிள். காலை பத்து மணிக்கு ஹால்ட் ஏரிப் பக்கம் புறப்பட்டார்கள். டென்மார்க்கில் மலை ஏது? ஆனாலும் அந்தப் பள்ளத்தாக்கில் குன்றுகள் செங்குத்தாக இறங்கும். எங்களுடைய அல்ப்ஸ் என்று போர்மன் பகிடி விட்டிருந்தான்.

மத்தியானம் புல்லில் இருந்து பாண் சாப்பிட்டார்கள்.

"நாளைக்கு உண்மையைச் சொல்லப்போறன்," என்றான் ஸ்ரிபன்.

"உனக்கென்ன மண்டை பழுதோ? செத்தவள் செத்தவளாவே இருக்கட்டும். என்ர தம்பிக்கு என்ன குறைஞ்சு போச்சு? அவன் ஊரில நல்லாத்தானே இருக்கிறான்."

ஸ்ரிபனுக்கும் மனம் தளம்பியது. சொல்லாமல் விடுவோமா என்று முதல் தடவையாக நினைத்தான்.

மூன்று நாற்பது. சாப்பிட்ட பிறகு வந்த முதல் ஏற்றம். சைக்கிள் திடீரென்று பாரமானது. காற்றுப் போய்விட்டதோ என்று இறங்கிப் பார்த்தான். டயர் கல்லுப்போல இருந்தது. ஏறி மிதித்தான்... மறுபடியும் பாரம்.

"டேய், உன்ர பின்சில்லு மண்ணுக்குள்ள புதையுது," என்று பின்னாலிருந்து பாலேந்திரா கத்தினான். "ஆரை ஏத்தியிருக்கிறாய்?" என்று சிரித்தான்.

ஸ்ரிபனுக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்று ஐம்பத்தைந்து. முதுகில் விரலால் யாரோ தட்டினார்கள். டொக்... டொக்... இரண்டே தரம். மன்னாரில் கரியலில் இருந்து வரும்போது, மெல்லப் போகச் சொல்லி அமலராணி அப்படித்தான் தட்டுவாள்.

திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. ஆனால் இடுப்புப் பெல்ட்டை ஒரு கை இறுக்கிப் பிடித்திருந்தது. ஐஸ் மாதிரிக் கை.

நாலு மணி. பாதை ஏரியை நோக்கிச் செங்குத்தாக இறங்கியது. பிரேக்கை அழுத்தினான்... பிடிக்கவில்லை.

காதுக்குள் அமலராணியின் குரல்.

"நாளைக்கும் அப்பிடியே சொல்லு. நான் செத்திட்டன் எண்டு சொல்லு."

அமலராணி அவனை ஒருநாளும் 'நீ' என்றதில்லை. 'இஞ்சாருங்கோ' என்றுதான் கூப்பிடுவாள்.

இது அவள் இல்லை...

"சொல்லு. இல்லாட்டி உன்னையும் கொண்டுபோவன்."

தண்ணீர் நெருங்கியது. இருபது அடி... பத்து அடி...

"அவள் உயிரோட இருக்கிறாள்!" ஸ்ரிபன் அடிவயிற்றிலிருந்து கத்தினான். "நான் பொய் சொன்னனான்! அவள் உயிரோட இருக்கிறாள்!"

பெல்ட்டிலிருந்து கை விட்டது.

பாரம் இறங்கியது.

பிரேக் பிடித்தது. முன்சில்லு தண்ணீருக்குள் நின்றது. மணி நாலு ஐந்து.

நடந்ததைக் கேட்டுப் பாலேந்திரா விழுந்து விழுந்து சிரித்தான். வெயில் மண்டைக்குள் ஏறிவிட்டதாம். திரும்பி வரும்போது ஸ்ரிபன் பின்னால் வந்தான். நாலு நாற்பதுக்குப் பாலேந்திராவின் சைக்கிள் தள்ளாடியது. பின்டயர் மண்ணில் அழுந்தியது. கரியலில் ஒன்றுமில்லை.

"என்ன கோதாரியோ... பாரமாக் கிடக்குதடா," என்றான். முதுகைச் சொறிந்துகொண்டான்.

"மச்சான், உன்ர தம்பி உயிரோட இருக்கிறான் எண்டு ஒருக்காக் கத்தடா. உன்னைக் கும்பிட்டன்."

"போடா விசரா!"

மறுநாள் ஸ்ரிபன் உண்மையைச் சொன்னான். விசா பறிபோகவில்லை. ஆனால் எத்தனையோ தமிழருடைய விசாக் கோவைகளைப்போல அவனுடையதும் அசையாமல் கிடந்தது. எண்பத்தொன்பது புரட்டாதியில்தான் அமலராணி வந்து இறங்கினாள். பிளேனை விட்டு இறங்கியதும் "இஞ்சாருங்கோ" என்றாள். ஸ்ரிபன் அந்த இடத்திலேயே ஓவென்று அழுதான்.

பாலேந்திராவுக்குக் கடிதம் பதினெட்டாம் நாளே வந்துவிட்டது. தேவராசா போய்விட்டான். அந்த ஞாயிறு இரவு எட்டுப் பத்துக்குப் வீட்டு வாசல் படலையடியில் நின்றவன் சைக்கிளொன்றில் ஏறிப் போனானாம். விடியக் கடற்கரையில் உடம்பு கிடந்ததாம். சைக்கிளைக் காணவில்லை. அங்கே எட்டுப் பத்தென்றால் இங்கே நாலு நாற்பது.

சைக்கிள் ஓட்டி வந்தது யாரென்று இருட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் யோகம்மாவின் காதில் மட்டும் தேவராசாவின் குரல் விழுந்திருக்கிறது. சிரித்துக்கொண்டுதான் கரியலில் ஏறினானாம்.

"அண்ணை, டென்மார்க்கில இருந்து எப்ப வந்தனீங்கள்?"